ஏழு வருடம் ஒரு பட்டமும் இல்லாமல் ஜீவ் மில்கா சிங் எப்படித் தாக்குப்பிடித்தார்?

மாலைவெயில்:

கோல்ஃப் பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. பார் (ஒரு குழிக்கு வைத்திருக்கும் அடிக் கணக்கு), பர்டி (அதில் ஒன்று குறைவு), போகி (ஒன்று அதிகம்) எல்லாம் இப்போது யோசிக்காமலே புரிகிறது, எந்த இடத்தில் எந்த கிளப்பை (மட்டையை) எடுப்பார்கள் என்பதுகூட ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆனால் இந்த ஆட்டக்காரர்களின் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.

ஜீவ் மில்கா சிங்கைப் பற்றித் தேடிப் படிக்கும்போது இந்தக் குழப்பம் முற்றிவிட்டது. 1993-இல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிறார். 1998-இல் ஐரோப்பிய டூருக்குள் (சீசன் முழுக்க நடக்கும் போட்டித் தொடர்) நுழைகிறார், அங்கே போன முதல் இந்தியர் அவர்தான். 1999-இல் லெக்ஸஸ் இன்டர்நேஷனல் பட்டம். அதன் பிறகு 2006 ஏப்ரல் வரை ஒன்றுமே இல்லை. ஏழு வருடம்! அப்புறம் பெய்ஜிங்கில் வால்வோ சைனா ஓப்பனை ஜெயிக்கிறார், அப்போது வயது 34. அதே வருடம் அக்டோபரில் ஸ்பெயினில் வால்வோ மாஸ்டர்ஸ், அதற்குப் பிறகு ஜப்பானில் கேசியோ வேர்ல்டு ஓப்பன், நிப்பான் சீரிஸ் ஜேடி கப் என்று வரிசையாக இன்னும் மூன்று. ஆசிய டூரின் அந்த வருடத்துப் பணப்பட்டியலிலும் முதலிடம். உலகத் தரவரிசையில் முதல் 50 பேருக்குள் வருடத்தை முடித்த முதல் இந்தியரும் அவரே.

நான் கேட்க வருவது அந்த ஏழு வருடத்தைப் பற்றி. மற்ற விளையாட்டுகளில் இரண்டு வருடம் சரியாக ஆடவில்லை என்றால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள், நாமும் பெயரை மறந்துவிடுவோம். இவரை யார் தொடர்ந்து ஆட விட்டார்கள்? பட்டமே இல்லாதவருக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? கார்டு, கார்டு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஃபேர்வே நடை:

நல்ல கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம், கோல்ஃபில் தேர்வுக்குழு என்பதே கிடையாது. உங்களை எடுக்கவும் ஆள் இல்லை, நீக்கவும் ஆள் இல்லை. எல்லாவற்றையும் எண்கள் பார்த்துக்கொள்ளும். மாதச் சம்பளமும் கிடையாது. ஆட்டக்காரர் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு சிறு தொழில் நடத்துகிற மாதிரிதான், விமான டிக்கெட், ஓட்டல், கேடிக்கு (பையைத் தூக்கி வரும் உதவியாளர்) வாரக்கூலி எல்லாம் அவர் கையிலிருந்துதான் போகும். கேடிக்கு வாரக்கூலி போக பரிசிலும் பங்கு உண்டு. ஜெயித்தால் 10 சதவீதம், முதல் பத்துக்குள் வந்தால் 7, மற்றபடி 5 என்பது நெடுநாளாக இருக்கிற வழக்கம்.

கார்டு என்பது ஒரு டூரில் அந்த சீசன் முழுக்க ஆடுவதற்கு உங்களுக்கு இருக்கும் உரிமை. அமெரிக்காவின் பிஜிஏ டூரில் பல வருடங்களாக வருடப் பட்டியலில் முதல் 125 இடத்துக்குள் முடித்தவருக்கு அடுத்த வருடமும் முழு உரிமை உண்டு, 2026 சீசனுக்கு அதை 100 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஐரோப்பிய டூரிலும் (2022-இலிருந்து அதன் பெயர் டிபி வேர்ல்டு டூர்) இதே மாதிரி ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு மேலே இருந்தால் அடுத்த வருடம் நிம்மதி. கீழே விழுந்தால் க்யூ-ஸ்கூல். பெயரில்தான் பள்ளிக்கூடம், உள்ளே நடப்பது தகுதித் தேர்வு. ஐரோப்பாவில் அது மூன்று கட்டம், கடைசிக் கட்டம் மட்டும் ஆறு சுற்று. அதாவது ஆறு நாளில் 108 குழிகள் ஆடி, ஒரு அடி (ஸ்ட்ரோக்) கூடுதலாகப் போனதால் ஒரு வருடத்தையே இழந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஜீவ் 1997-இல் அந்த வாசல் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குள் போனார்.

இப்போது உங்கள் ஏழு வருடத்துக்கு வருகிறேன். பட்டம் இல்லை என்றால் வருமானம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். ஒரு போட்டியில் ஏறக்குறைய 150 பேர் ஆடுவார்கள், ஜெயிப்பவர் ஒருவர். மற்ற 149 பேரும் தோற்றவர்கள் என்று எடுத்துக்கொண்டால் இந்த விளையாட்டில் எல்லோருமே தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உண்மையான கோடு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு சுற்று முடிந்ததும் வெள்ளிக்கிழமை மாலை கட் வரும், முதல் 65 பேரும் 65-ஆவது ஆளோடு சமநிலையில் நிற்பவர்களும் சனி, ஞாயிறு ஆடுவார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், வழக்கமான டூர் போட்டியில் அவர்களுக்குப் பரிசாக ஒரு காசு கிடையாது, அந்த வாரத்துச் செலவு முழுக்க நஷ்டம். கட் தாண்டியவர் 60-ஆவது இடத்தில் முடித்தாலும் ஏதோ ஒரு தொகை கைக்கு வரும், 20-ஆவது என்றால் நல்ல தொகை, 5-ஆவது என்றால் அடுத்த இரண்டு மாதத்துக்குப் பயணக் கவலை இல்லை. பிஜிஏ டூரில் வழக்கமான போட்டியில் மொத்தப் பரிசில் 18 சதவீதம் ஜெயித்தவருக்குப் போகிறது, மீதி 82 சதவீதமும் மற்றவர்களுக்குத்தான். பட்டம் வாங்காமலே இருபது வருடம் நன்றாக வாழ்ந்த ஆட்டக்காரர்கள் உண்டு.

ஜீவ் செய்த இன்னொரு காரியம், ஒரே டூரை நம்பி உட்காரவில்லை. ஐரோப்பா, ஆசியா, ஜப்பான் என்று மூன்று பக்கமும் மாறி மாறி ஆடினார். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு டூருக்கும் தனிப் பட்டியல், தனிக் கணக்கு. ஜப்பானில் மூன்று வாரம் ஆடினால் அந்த மூன்று வாரமும் ஐரோப்பியப் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேராக ஒன்றும் ஏறாது. எந்த வாரம் எங்கே இருப்பது என்பதே பெரிய முடிவு. அதே சமயம் ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறந்திருக்கும் என்ற தைரியமும் அதில் இருக்கிறது. 2006-இன் நான்கு பட்டங்களைப் பாருங்கள், சீனா, ஸ்பெயின், ஜப்பான், மறுபடியும் ஜப்பான். ஊர் ஊராகப் போய் எல்லா வகைப் புல்லிலும் ஆடிப் பழகிய மனிதர் அவர், அந்தப் பழக்கம் அந்த ஒரே வருடத்தில் பலன் கொடுத்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

தரவரிசை பற்றியும் ஒரு வார்த்தை. உலகத் தரவரிசை கடைசி இரண்டு வருட ஆட்டத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், அதிலும் பழைய புள்ளிகளின் மதிப்பு வாரா வாரம் தேய்ந்துகொண்டே வரும். அதனால் 1999-இல் ஜெயித்தது 2006-இல் அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. அதே போல, நடுவில் ஆடிய மோசமான வருடங்களும் அவரைக் கீழே பிடித்து இழுக்கவில்லை. ஏறி வர நினைக்கிறவருக்கு இந்த மறதி ஒரு வரம்.

ஏழாம் அயர்ன்:

மேலே எழுதியவர் கணக்கை அருமையாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஏழு வருடத்தில் மணிக்கட்டுக் காயம் என்று ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

நான் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன், ஆனாலும் எனக்கு இடது மணிக்கட்டில் ஒருமுறை அடிபட்டது, அதனால் அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல முடியும். ஃபேர்வேயில் (புல்லைக் குட்டையாக வெட்டிய பாதை) பந்து சுத்தமாக உட்கார்ந்திருந்தால் வலி தெரியாது. ரஃபில் போய் விழுந்தால்தான் பிரச்சினை. ஈரமான உயரப் புல்லுக்குள் கிளப் இறங்கும்போது புல் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், கிளப்பின் முகம் திரும்பிவிடாமல் நிறுத்துவது முழுக்க மணிக்கட்டின் வேலை. அந்த ஒரு நொடியில் கைக்குள் யாரோ முறுக்கிவிட்ட மாதிரி ஒரு சுளீர் வலி. அதன் பிறகு நான்கு மாதம் வைத்தியம் பார்த்து, வலி முழுதாகப் போய்விட்டது. ஆனால் கை நம்பவில்லை! பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் தானாகவே பிடி தளர்ந்துவிடும், நான் வேண்டுமென்று செய்வதில்லை, கை தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. பந்து வலது பக்கமாகப் போய்த் தொலையும். வலி போன பிறகு இந்தப் பழக்கத்தைப் போக்குவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, நானோ வாரத்துக்கு ஒருநாள் ஆடுகிறவன். தினமும் நூற்றுக்கணக்கில் பந்து அடிக்க வேண்டிய ஒருவருக்கு, அதுவும் ஒவ்வொரு அடிக்கும் பணக்கணக்கு இருக்கிற ஒருவருக்கு, அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள், ஜீவின் ஸ்விங் (கிளப்பைச் சுழற்றி அடிக்கும் முறை) பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும் ஸ்விங் கிடையாது. மேலே போகும்போது ஒரு வழி, இறங்கும்போது வேறொரு வழி, நடுவில் ஒரு சுழற்சி. முதல் தடவை பார்க்கிறவர்கள் இது எப்படி நேராகப் போகிறது என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட ஆட்டக்காரர் இரண்டு வருடம் தடுமாறினால் உடனே எல்லோரும் ஸ்விங்கை மாற்றச் சொல்லுவார்கள், நல்ல எண்ணத்தில்தான் சொல்லுவார்கள். அப்படி மாற்றப் போய், பழையதையும் தொலைத்து, புதியதும் வராமல் போனவர்கள் எத்தனையோ பேர். 2006-இல் ஜெயித்த ஜீவிடம் அதே சுழற்சி இருந்தது. அந்த ஏழு வருடத்தில் அவர் செய்த பெரிய காரியமே அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாம் சுற்று:

எல்லோரும் சொல்வது சரி, ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஜீவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அவருடைய பொறுமை பெரிய பொறுமைதான். ஆனால் ஏழு வருடம் காத்திருப்பதற்கே ஒரு பின்புலம் வேண்டும். அப்பா மில்கா சிங், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவதாக வந்தவர். அம்மா நிர்மல் கௌர் இந்திய வாலிபால் அணியின் கேப்டனாக இருந்தவர். ஒரு விளையாட்டு வீரருக்குக் கெட்ட காலம் என்று ஒன்று வரும், போகும் என்பது தெரிந்த வீடு அது. டெக்சாஸில் அபிலீன் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1993-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் இரண்டாம் பிரிவுத் தனிநபர் பட்டத்தையும் ஜெயித்துவிட்டுத்தான் தொழிலுக்கே வந்தார்.

இதன் பக்கத்தில் எஸ்எஸ்பி சௌராசியாவை வைத்துப் பாருங்கள். அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிப்பவர். பையன் அந்த மைதானத்திலேயே வளர்ந்து, கேடியாக மற்றவர்களின் பையைத் தூக்கி, பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். பந்தைத் தொலைதூரம் அடிக்கிற உடம்பு இல்லை, அதனால் கிரீனைச் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) சுற்றி நடக்கும் நுணுக்க வேலையில் தன்னைத் தீட்டிக்கொண்டார், சிப்பிங்கும் (பந்தைக் கிரீனுக்குள் தூக்கிப் போடுவது) பட்டிங்கும் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவது) அவ்வளவு கூர்மை என்பதால் சக ஆட்டக்காரர்கள் 'சிப்புட்சியா' என்றே கூப்பிடுவார்கள். அவருக்கு ஏழு வருட அவகாசம் யார் கொடுத்திருப்பார்கள்? 2008 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை ஜெயித்தார், அது ஐரோப்பிய டூர் போட்டி, அந்த ஒரு வாரத்தில் ஐரோப்பாவின் கதவு முழுதாகத் திறந்தது. 2011-இல் அவந்தா மாஸ்டர்ஸ். 2015 இந்தியன் ஓப்பனில் இன்னொரு இந்தியரான அனிர்பன் லாஹிரியிடம் ப்ளே-ஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) தோற்று, 2016-இல் அதே பட்டத்தை வாங்கி, 2017-இல் ஏழு அடி வித்தியாசத்தில் மறுபடியும் வாங்கினார். கூட்டிப் பாருங்கள், ஐரோப்பிய டூரில் நான்கு பட்டம். ஜீவுக்கும் அங்கே நான்குதான்.

சௌராசியாவின் நான்கும் இந்திய மண்ணில் வந்தவை என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டெல்லி கோல்ஃப் கிளப் மாதிரி இருபுறமும் புதர் நெருக்கும் மைதானத்தில், பெரிய பெரிய வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் டிரைவரை (தூரம் அடிக்கும் பெரிய கிளப்) பையிலிருந்து வெளியே எடுக்கவே யோசிக்கும் இடத்தில் ஜெயிப்பது சாதாரணமா என்ன?

மாலைவெயில்:

ஒவ்வொருவருக்கும் நன்றி. கட் பற்றிய விளக்கத்தைப் படித்த பிறகுதான், நான் இத்தனை நாள் லீடர்போர்டின் (யார் எந்த இடத்தில் என்று காட்டும் பட்டியல்) முதல் பத்து வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது. சௌராசியா பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, இனி தேடிப் படிப்பேன்.

ஒரு சந்தேகம். கார்டு போய்விட்டால், அப்புறம் க்யூ-ஸ்கூல் ஒன்றுதான் வழியா? நடு சீசனில் கார்டு போனவர் என்ன செய்வார்?

திங்கள் காலை:

இந்தக் கேள்விக்கு அர்ஜுன் அட்வாலை விட நல்ல பதில் கிடையாது. நீங்கள் கேட்டது அப்படியே அவருக்கு நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அட்வால் 2002-இல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸை ஜெயித்து ஐரோப்பிய டூரில் பட்டம் வாங்கிய முதல் இந்தியர் ஆனவர். 2003 கடைசியில் க்யூ-ஸ்கூல் தாண்டி பிஜிஏ டூர் கார்டு வாங்கிய முதல் இந்தியரும் அவர்தான். 2005-இல் பெல்சவுத் கிளாசிக்கில் ஐந்து பேர் ப்ளே-ஆஃபுக்குப் போனார்கள், மிக்கல்சன், ஒலாசாபல், ரிச் பீம், பிராண்ட் ஜோப், நம்ம அட்வால். மிக்கல்சன் ஜெயித்தார். அவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்பி வந்தவர் இவர்.

அப்புறம் தோள்பட்டைக் காயம். காயத்தால் சீசன் கெட்டுப்போனவர்களுக்கு மருத்துவச் சலுகை என்று ஒன்று தருவார்கள். இத்தனை போட்டிக்குள் இவ்வளவு சம்பாதித்துக் காட்டு, கார்டு உனக்கு இருக்கும் என்பதுதான் அதன் சாரம். 2010 நடுவில் அவருடைய அந்தக் கணக்கு முடிந்தது, தொகை எட்டவில்லை, கார்டு போய்விட்டது. வயது 37.

கார்டு இல்லாதவருக்கு இருக்கும் வழிகளில் ஒன்று திங்கட்கிழமைத் தகுதிச் சுற்று. பிரதான போட்டி வியாழன் தொடங்கும், அதற்கு முன் திங்களன்று பக்கத்து மைதானம் ஏதாவது ஒன்றில் 18 குழி ஆடவிடுவார்கள், நிறைய பேர் வருவார்கள், அப்போது வழக்கமாக நான்கே நான்கு பேருக்கு இடம். கூட்டம் இருக்காது, கேமரா இருக்காது. ஒரு போகி விழுந்தால் வாரம் முடிந்தது. ஆகஸ்டில் கிரீன்ஸ்பரோவில் நடந்த விண்டம் சாம்பியன்ஷிப்புக்கு அட்வால் அப்படித்தான் உள்ளே வந்தார். வியாழனன்று முதல் சுற்றில் 61 அடித்தார்! பார் 70 உள்ள மைதானத்தில் 61. ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குழியில் பார் எடுக்க ஏறக்குறைய ஏழு அடி தூரத்து பட் ஒன்று பாக்கி இருந்தது. விட்டால் டேவிட் டாம்ஸோடு ப்ளே-ஆஃப். விழுந்தால் பட்டம். ஏழு அடி என்பது எந்தத் தொழில்முறை ஆட்டக்காரரும் பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற தூரம் இல்லை, டூரில் ஆடுகிறவர்களே பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் போடுவார்கள். அது விழுந்தது. மொத்தம் 20 அண்டர் பார், பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியர். திங்கட்கிழமைத் தகுதிச் சுற்று வழியாக வந்து ஒருவர் ஜெயித்தது 24 வருடத்தில் அதுவே முதல் முறை.

பரிசு 9,18,000 டாலர். ஆனால் என்னைக் கேட்டால் அந்தக் காசோலையை விடப் பெரியது, கூடவே வந்த இரண்டு வருடக் கார்டு. ஜெயித்த வாரத்தில் அவர் டூர் உறுப்பினர் இல்லை, அதனால் அடுத்து நடந்த ஃபெடெக்ஸ் கப் இறுதிப் போட்டிகளில் ஆட அவருக்கு இடம் கிடைக்கவில்லை, விதி அப்படி. பரவாயில்லை, மறு வருடம் எங்கே ஆடுவது என்ற கேள்வியோடு தூங்க வேண்டியதில்லை அல்லவா.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். 2022 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் அனிர்பன் லாஹிரி ஒரே ஒரு அடியில் கேமரன் ஸ்மித்திடம் தோற்று இரண்டாவதாக வந்தார். பரிசு 21,80,000 டாலர். அட்வால் ஜெயித்து வாங்கியதை விட இரண்டு மடங்குக்கும் மேல். லாஹிரிக்கு பிஜிஏ டூரில் பட்டம் ஒன்றுகூடக் கிடையாது. பட்டத்தை மட்டும் எண்ணினால் ஆட்டக்காரரின் வாழ்க்கை நம் கண்ணில் படாது என்று முதல் பதில் எழுதியவர் சொன்னது இதைத்தான்.

கடலோர மைதானம்:

ஜீவின் கதை 2006-ஓடு நின்றுவிடக் கூடாது, ஏனென்றால் அவருக்கு அந்த வறட்சி இரண்டாவது முறையும் வந்தது.

முதலில் நல்ல காலம். வால்டெர்ராமாவில் நடந்த வால்வோ மாஸ்டர்ஸை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். அது சீசன் கடைசிப் போட்டி, ஐரோப்பியப் பணப்பட்டியலில் முதல் 60 பேருக்கு மட்டும் அழைப்பு. இரு பக்கமும் கார்க் மரங்கள் கிளை பரப்பி நிற்கும், ஃபேர்வேயிலேயே பந்து இருந்தாலும் தவறான பக்கத்தில் இருந்தால் கிரீன் தெரியாது. ஹாரிங்டன், கார்சியா, லூக் டொனால்டு மூன்று பேரும் ஒரு அடி பின்னால், இவர் முன்னால். அன்றைக்கு எல்லோருடைய கவனமும் ஐரோப்பியப் பணப்பட்டியலில் யார் முதலிடம், ஹாரிங்டனா, பால் கேஸியா என்பதில்தான் இருந்தது. ஜெயித்தது ஜீவ், ஆனால் மறுநாள் நான் படித்த செய்திகளில் பாதிக்கு மேல் ஹாரிங்டனைப் பற்றி. எனக்கு அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

2007-இல் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் ஆடிய முதல் இந்தியர் ஆனார். 2008-இல் ஆஸ்திரியாவில் ஒன்று, சிங்கப்பூர் ஓப்பனில் எர்னி எல்ஸையும் ஹாரிங்டனையும் ஒரு அடியில் தாண்டி ஒன்று, ஜப்பானில் இரண்டு. அந்த வருடம் ஓக்லாண்ட் ஹில்ஸில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஒன்பதாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார், அதுவரை எந்த மேஜரிலும் (வருடத்தின் நான்கு பெரிய போட்டிகள்) ஒரு இந்தியர் எட்டாத இடம் அது. 2009 மார்ச்சில் உலகத் தரவரிசையில் 28.

அப்புறம் மறுபடியும் காயங்கள். முதுகு. மூன்றரை வருடத்துக்கும் மேல் பட்டம் இல்லை, தரவரிசையில் சரிவு. 2012 ஜூலையில் ஸ்காட்டிஷ் ஓப்பன், இன்வெர்னஸ் பக்கத்தில் கேஸில் ஸ்டுவர்ட் மைதானம், கடலைப் பார்த்த மேடு. கடைசி நாள் காலையில் முதலிடத்தில் இருந்தவருக்கு ஐந்து அடி பின்னால் இருக்கிறார். வயது 40. அன்றைக்கு 67 அடித்து, 17 அண்டர் பாரில் முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். பின்னால் வருகிற ஒவ்வொருவராகக் காற்றில் அடிகளை இழக்கிறார்கள். காத்திருப்பது என்றால் உட்கார்ந்து டீ குடிப்பதில்லை, ப்ளே-ஆஃப் வந்தாலும் வரலாம் என்று உடம்பு குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதே நேரம் ஆட்டம் முடிந்துவிட்டது என்று மனசு இளகவும் கூடாது. பிரான்செஸ்கோ மொலினாரி மட்டும் சமனாக வந்தார். 18-ஆவது குழியில் ப்ளே-ஆஃப், முதல் முறையிலேயே ஜீவ் பர்டி போட்டு முடித்துவிட்டார். 4,16,660 பவுண்டு. அதோடு மறுவாரம் ராயல் லிதத்தில் நடந்த ஓப்பன் சாம்பியன்ஷிப்புக்கும் இடம் கிடைத்தது.

மூன்றாம் சுற்று சொன்ன பின்புலம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 40 வயதில் முதுகுவலியோடு ஐந்து அடி பின்னாலிருந்து வந்தபோது எந்தப் பின்புலமும் அந்த பட்டைப் போட்டுத் தரவில்லை.

மூன்றாம் சுற்று:

அந்தக் கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன். நானும் அந்தப் ப்ளே-ஆஃபைப் பார்த்தவன்தான், பர்டி விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

மாலைவெயில்:

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. கட் எங்கே விழப்போகிறது என்பதை ஆட்டம் நடக்கும்போதே தெரிந்துகொள்ள முடியுமா?

ஃபேர்வே நடை:

முடியும். லீடர்போர்டை 65-ஆவது இடம் வரை கீழே இறக்கிப் பாருங்கள், அங்கே குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார்கள், உத்தேச கட் என்று எண்ணும் இருக்கும். மதியக் குழுக்கள் ஆடிக்கொண்டிருக்கும் வரை அது ஒரு அடி மேலே, ஒரு அடி கீழே என்று ஆடிக்கொண்டே இருக்கும். கோட்டுக்கு ஒரு அடி வெளியே, இன்னும் இரண்டு மூன்று குழி பாக்கி இருக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், பெயர் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. அவர் ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போடும் வரை கூடவே இருந்து பாருங்கள். சனிக்கிழமை வந்து என்ன ஆனது என்று இங்கே எழுதுங்கள்.